வயிற்றில் கட்டிக்கொண்டு போன முட்டை

முழுகாமல் இருக்கும் மனைவியிடம் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பது ஊரில் எல்லா ஆண்களுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. நான் விலங்கியல் படித்தவன், அதுதான் காரணம். விஷயம் உறுதியான அன்றே சமையற்கட்டுத் தரையில் சாக்பீஸால் எங்கள் பிள்ளையின் படத்தை அவளுக்கு வரைந்து காட்டினேன். அந்தப் பிள்ளைக்கு வால் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்தேன். சொந்த ஊர் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பம். வலை வீசினால் வலையோடு சேர்ந்து நானும் தண்ணீரில் விழுவேன் என்பதால் என்னைப் படிக்க அனுப்பினார்கள். கட்டிக்கொண்டது அதே குப்பத்து அத்தை மகளை.

வாலோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். நான் நிறுத்தவில்லை. மீன், ஆமை, கோழி, மனிதன் என்று நான்கு கருக்களை வரிசையாக வரைந்தேன். "பாத்தியா, ஆரம்பத்துல நாலும் ஒரே அச்சு. கழுத்தாண்ட மடிப்பு மடிப்பா கீது பாரு, செவுளு மாதிரி" என்றேன். பாடப்புத்தகத்தில் இருந்த அந்தப் படமே கொஞ்சம் மிகையாக வரைந்தது என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். சண்டைக்கு முன்னால் படித்திருக்கலாம்.

நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து மீன் கழுவியவள் அவள். செவுள் என்றால் என்னவென்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"எம் புள்ளைக்கு செவுளா மாமா?"

"செவுளு இல்ல, அது மாதிரி. அப்பால தாடையா, காதா மாறிடும்."

"மாறலைன்னா?"

இங்கே வாயை மூடியிருக்க வேண்டும். "மாறலைன்னா ஏரில உட்டுடுவோம். உங்க நைனா வலை போட்டுப் புடிச்சிகினு வரட்டும்" என்று சொல்லிவிட்டு நானே சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன். அவள் ஈரத்துணியை எடுத்துப் படத்தைத் துடைத்தாள். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

முந்தின வருடம் உண்டான கரு தங்காமல் போயிருந்தது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. பேசாமல் இருந்து பழகியதில், மறந்தே போனவன் மாதிரி நான் நடந்துகொண்டேன். அவள் ஒரு நாள்கூட மறக்கவில்லை.

ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். என் வீட்டில் இரண்டாம் மாதமே அத்தை வந்து அழைத்துப் போய்விட்டாள்.

என் மனைவி காய்ச்சும் கருவாட்டுக் குழம்பின் வாசனைக்கு வீட்டுக்காரர் எங்களைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தவன் நான். இப்போது அந்த வாசனை தலையணையில் மிச்சம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன். ஓட்டலில் நாஷ்டா, ஓட்டலில் சாப்பாடு. சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் போய், மின்சார ரயிலில் இருந்து இறங்கும் பெண்களில் யாராவது அவளைப் போல நடக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். பார்த்தவர்கள் என்னைத் தப்பாக நினைத்திருப்பார்கள். அவள் நடக்கிற மாதிரி ஒருத்தியும் நடக்கவில்லை.

படுத்தால் கணக்கு ஓடும். இன்றைக்குக் கை மொட்டு விட்டிருக்கும். இன்றைக்குக் கண் இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி விழுந்திருக்கும். அவள் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அந்தக் குடும்பத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பக்கத்தில் இல்லாதவனும் நான் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குப்பத்துக்குப் போனேன். விஷயம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. படகில் இருந்தே குரல் வரும்: "மாப்ள, உன் புள்ள மடவை மீனா, கொடுவா மீனா?" அத்தை வாசலிலேயே மறித்துக்கொள்வாள். "வா வாத்தியாரே, வாலு எம்மா நீளம் வளந்துகீது?" உள்ளே இருந்து வளையல் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன். அதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

கல்லூரியில் எங்களுக்கு ஒரு செய்முறை வகுப்பு உண்டு. அடைக்கு வைத்து மூன்று நாள் ஆன முட்டையின் ஓட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டிப் பார்ப்போம். பார்த்த அன்று என்னைப் போன்ற வாயாடிக்கே பேச்சு வரவில்லை. அதை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. என் வாய் கெடுத்ததை வாயாலேயே சரிசெய்ய முடியாது என்ற அளவுக்காவது எனக்கு அறிவு வந்திருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் அடையில் உட்கார்ந்து மூன்று நாள் ஆன கோழி ஒன்று இருந்தது. அக்கா சம்மதித்தார், கோழி சம்மதிக்கவில்லை. புறங்கையில் கொத்து வாங்கிக்கொண்டு ஒரு முட்டையை எடுத்தேன். சூடு போகாமல் இருக்கப் பஞ்சில் பொதிந்து, அவளுடைய பழைய சேலைத் துண்டால் வயிற்றோடு வயிறாகக் கட்டி, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

"இன்னா சார், வயித்தப் புடிச்சிகினு கீற? பேதியா?" என்றார் கண்டக்டர்.

"முட்டை."

"துன்னது ஒத்துக்கலியா?"

"துன்னல. அடை காக்கறேன்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு முன்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "அண்ணே, பள்ளம் பாத்து ஓட்டு. ஒரு ஆளு அடையில குந்திகினுகீறாரு!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டை வருகிறதாம், நிலத்துக்கு நல்ல விலையாம் என்று பேசிக்கொண்டு வந்த இருவரும் பேச்சை விட்டுவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்கள். சிரித்தார்கள். ஆனால் பொன்னேரி வரைக்கும் ஒருவரும் என்மேல் இடிக்கவில்லை.

குப்பத்தில் அத்தை வழக்கம்போல வாசலை மறித்தாள். சட்டையைத் தூக்கி வயிற்றில் கட்டியிருந்ததைக் காட்டினேன்.

"இன்னாடா இது கூத்து?"

"முட்டை அத்தை, உள்ள உயிரு கீது. சூடு போறதுக்குள்ள அவளுக்குக் காட்டணும்."

அத்தை நகரவில்லை. உள்ளே வளையல் சத்தம் எழுந்தது, நெருங்கியது. அவளே வெளியே வந்தாள். மசக்கையில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. என்னைப் பார்க்காமல் முட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

கொட்டாங்கச்சியில் பஞ்சு வைத்து முட்டையைப் படுக்க வைத்தேன். பிளேடு முனையால் ஓட்டைக் கீறத் தொடங்கினேன்.

"கொன்னுடாத மாமா" என்றாள். அத்தனை வாரங்களில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

ஓட்டுத் துண்டைப் பெயர்த்து எடுத்தேன். மஞ்சள் கருவின் மேல் சிவப்பு நூலில் பின்னிய சின்ன வலை ஒன்று விரிந்திருந்தது. வலையின் நடுவில் கடுகைவிடச் சிறியதாக ஒரு சிவப்புப் புள்ளி. அது துடித்தது. நின்றது போல இருந்தது, மறுபடி துடித்தது.

அவள் தள்ளி உட்கார்ந்த இடத்தை விட்டு நகர்ந்து வந்தாள். அவள் தலை என் தோளில் இடித்தது. நான் அசையவில்லை.

"இதுக்கு வாலு கீதா?"

"கீது."

"செவுளு?"

"அந்த மாதிரி மடிப்புதான். எல்லாம் மாறிடும்."

"நம்முளுதும் இப்டிதான் அடிச்சிகினு கீதா?"

"அடிச்சிகினு கீது. எப்பவோ ஆரம்பிச்சிருக்கும்."

அவள் தன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு, அத்தைக்குக் கேட்காத குரலில், "போன தபா வந்ததுக்கும் அடிச்சுதா?" என்றாள்.

எனக்கு வாயில் ஒரு வேடிக்கையும் வரவில்லை. "அடிச்சிருக்கும்" என்றேன்.

அவள் தலை என் தோளிலேயே இருந்தது. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். இதைவிட நல்ல சமயம் வராது என்று நினைத்து, அன்றைக்கு வந்த காரியத்தைக் கேட்டேவிட்டேன்.

"நம்ம ஊட்டுக்கு வந்துடறியா?"

"மொதல்ல முட்டைய மூடு மாமா, குளிரும்."