கயிற்றுக்குள் ஒரு கைப்பிடி

வயலின் தென்மேற்கு மூலையில் வடக்குப் பார்த்து நிற்க வேண்டும். சமவாய்ப்பு எண் அட்டவணையைத் திறந்து இரண்டு எண்கள் எடுக்க வேண்டும். முதல் எண்ணுக்கு உரிய அடிகள் நீளவாக்கில் நடக்க வேண்டும். இரண்டாவது எண்ணுக்கு உரியவை அகலவாக்கில். போய் நின்ற இடத்தில் முளையடித்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். இதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். நாட்டில் எவ்வளவு நெல் விளைந்தது என்பதை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். பின்னாளில் இதே வேலைக்குப் போய், ஓய்வு பெறும்வரை இந்த விதிகளை ஒரு வரி பிசகாமல் கடைப்பிடித்தவள் நான். எட்டு வயதில் இதே விதிகளை நான் என்ன பாடு படுத்தினேன் என்பதை எந்த மேலதிகாரியிடமும் சொன்னதில்லை.

அமராவதிபுதூர்ப் பக்கம் எங்களுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்தது. அந்த வருடம் மழையும் சுமார், விளைச்சலும் சுமார். தை பிறந்து, அறுப்புக்கு நாள் பார்த்து, அறுப்புக்காரப் பெண்கள் அரிவாளோடு வரப்பில் வந்து நின்ற காலையில்தான் புள்ளிவிவர இன்ஸ்பெக்டரும் வந்து சேர்ந்தார். வேலைக்குப் புதிது. மீசை அப்போதுதான் தீர்மானத்துக்கு வந்துகொண்டிருந்தது. எங்கள் சர்வே எண் குலுக்கலில் விழுந்திருப்பதாகச் சொன்னார்.

"எங்க வயலு மட்டும் எப்படி சார் விழுகும்? யாரும் மொட்டைக் கடுதாசி போட்டாகளா?" என்றார் அப்பா.

"இல்லைங்க. யாரும் தேர்ந்தெடுக்கிறது இல்ல. அதுவா வரும்."

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் வேளாண்மை சம்பந்தமான முடிவுகளை அப்பா எடுப்பார். அவை சரியா என்பதை அத்தை முடிவு செய்வார். இன்ஸ்பெக்டர் நேராகத் தென்மேற்கு மூலைக்குப் போய் நின்றதும் அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது.

"கன்னி மூலை! பாத்தியா தம்பி, கவர்மெண்டுக்கும் தெரிஞ்சிருக்கு."

பிறகு அவர் புத்தகத்தைத் திறந்து, விரல் வைத்து, எண் பார்த்து நடந்ததெல்லாம் அத்தைக்குச் சாமி முன்னால் திருவுளச்சீட்டு எடுப்பது போலவே பட்டிருக்கிறது. நான்கு முளை அடித்துக் கயிறு கட்டி முடிப்பதற்குள் அத்தை மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து முளைகளுக்குப் பொட்டு வைத்துவிட்டார். அதை இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை. பொட்டு வைக்கக்கூடாது என்று விதியில் இல்லை. நானும் பிறகு தேடிப் பார்த்திருக்கிறேன்.

வம்பு அதற்கப்புறம் வந்தது. அறுப்பில் முதல் கைப்பிடிக் கதிர் அய்யனாருக்குப் போக வேண்டும். அதை எடுக்காமல் எங்கள் ஊரில் யாரும் நெல்லில் அரிவாள் வைக்க மாட்டார்கள். வழக்கமாகக் கன்னி மூலையில் எடுப்பது; இந்த வருடம் சாமியே கயிறு கட்டி இடத்தைக் காட்டிவிட்டதால், கயிற்றுக்குள்தான் எடுக்க வேண்டும் என்றார் அத்தை.

இன்ஸ்பெக்டர் பதறினார். "வேற எங்க வேணும்னாலும் எடுத்துக்குங்கம்மா. இதுக்குள்ள ஒரு மணி குறையக்கூடாது. கணக்குத் தப்பாயிரும்."

"ஒங்க கணக்கு தப்பக்கூடாது, சாமி கணக்கு தப்பலாமாக்கும்? காட்டுன எடத்த விட்டுட்டு அங்குட்டுப் போயி அறுத்தா வெளங்குமா சார்?"

"எங்க ஆபீசர் பத்து மணிக்கு ஜீப்புல வர்றாரும்மா. எனக்கு இதுதான் முதல் வயல்."

"எங்களுக்கு மட்டும் என்ன, இதுதான் இருக்கிற ஒரே வயலு."

அறுப்புக்காரப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தார்கள். அவர்கள் அத்தையின் கட்சி. அப்பா மட்டும் வயலையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர்கள் எழுந்து போய்விட்டால் மறுநாள் மானகிரியில் வேலை. திரும்பி எங்களுக்கு வர ஒரு வாரம் ஆகும். கதிர் முற்றித் தலை தொங்கி நின்றது. ஒரு வாரத்தில் பாதி மணி மண்ணுக்கும் மிச்சம் குருவிக்கும் போயிருக்கும்.

"சார், வெயில் ஏறுது. ஒரு எளனி குடிச்சிட்டுப் பேசுவோம், வாங்க" என்று அப்பா அவரைத் தென்னைப் பக்கம் அழைத்துப் போனார். போகுமுன் இன்ஸ்பெக்டர் என்னிடம் குனிந்து, "பாப்பா, நீதான் காவல். உள்ள யாரையும் விடாத. ஒரு மணி குறைஞ்சாலும் எனக்கு வேலை போயிரும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருப்பார். எனக்கு வேலை போவது மட்டும் காதில் விழுந்தது.

அவர் தலை மறைந்ததும் அத்தை சொன்னார்: "ஏத்தா, நீதான் சின்ன உருவம். சட்டுனு உள்ள போயி ஒரு கைப்பிடி உருவிட்டு வா."

"சாருக்கு வேலை போயிரும் அத்தை."

"சாமி பாத்துக்கும். போ."

சாமியையும் சர்க்காரையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொள்ள எட்டு வயதில் தைரியம் வராது. கயிற்றுக்குக் கீழே நுழைந்து, சுணை அரிக்க அரிக்க ஒரு கைப்பிடிக் கதிரை உருவி, பாவாடையில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். அத்தை அதை மஞ்சள் துணியில் முடிந்து கோயிலுக்கு ஆள் அனுப்பினார். பெண்கள் குலவையிட்டுக்கொண்டு வயலில் இறங்கினார்கள். இளநீர் குடித்துவிட்டு வந்த இன்ஸ்பெக்டர், அத்தை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நம்பி, நன்றியோடு கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் என்னை உலுக்கிவிட்டது. வரப்போரம் எருக்குழிப் பக்கம் பயிர் எப்போதும் கொழுத்து நிற்கும். அங்கே மூன்று கைப்பிடி உருவி, ஒன்றுக்கு மூன்றாக, யாரும் பார்க்காமல் கயிற்றுக்குள் போட்டுவிட்டேன். உதிர்ந்து கிடக்கும் கதிரையும் பொறுக்கிச் சேர்க்க வேண்டும் என்பது விதி. சதுரத்தை அறுத்து முடித்ததும் இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தார்.

ஜீப் வந்தது. மேலதிகாரி முன்னிலையில் அடித்துத் தூற்றி எடை போட்டார்கள். எடையைப் பார்த்த இன்ஸ்பெக்டர் தராசைச் சந்தேகப்பட்டு மறுபடி போட்டார். தராசு உறுதியாக இருந்தது. எவ்வளவு என்று சொல்ல மாட்டேன், பணி ரகசியம். மேலதிகாரி அவர் தோளில் தட்டி, "இந்தப் பக்கத்துல இப்படி ஒரு விளைச்சலா?" என்றார். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். நெல் முழுவதையும் முறைப்படி எங்களிடமே கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரண்டு பேரும் மகிழ்ச்சியாகப் போனார்கள்.

மத்தியானம் களத்திலேயே சாப்பாடு. புதுநெல் குத்திப் பொங்கிய சர்க்கரைப் பொங்கல். இரண்டாவது அகப்பை விழும்போது அத்தை சிரித்துவிட்டார்.

"பாவம் அந்தப் புள்ளிக்காரத் தம்பி. சாமிக்கு எடுத்தது அது தலையில விழுகக் கூடாதுன்னு அடிக்கையில ரெண்டு கையி நான் அள்ளிப் போட்டேன்."

அப்பா உருண்டையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார். "நீ வேறயா? நான் கயித்துக்கு வெளிய அறுத்த கட்டுல இருந்து ரெண்டு அரிக் கதிரைத் தூக்கி உள்ள வச்சேன். வந்தவக நம்ம வெள்ளாமையைப் பாத்து மொகஞ் சுளிக்கக் கூடாதுல்ல?"

அறுப்புக்காரப் பெண்களில் மூத்தவள் புரையேறி இருமினாள். "கயித்துக்கு அங்குட்டு நின்னதையும் நாலு குத்து சேத்து அறுத்தேண்ணே. அடுத்தவுகளுக்கு அளக்குற நெல்லைத் தலை தட்டியா அளப்பாக? கூம்பா அளந்துதானே பழக்கம்."

களமே சிரித்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் மட்டும் என் மூன்று கைப்பிடிகளோடு பொங்கலைத் தின்றுகொண்டிருந்தேன். ஒருவருக்கும் நஷ்டமில்லை, சாமிக்கும் சேர்ந்தது, சாருக்கும் வேலை போகவில்லை. இதைவிட நல்ல அறுப்பு இருக்க முடியாது என்று நினைத்தேன்.

எங்கள் சதுரமும் அதைப் போன்ற இன்னும் சில சதுரங்களும் சேர்ந்துதான் வட்டாரத்து வயல்கள் அத்தனைக்கும் சாட்சி சொல்லப் போகின்றன, ஒரு கைப்பிடி அங்கே எத்தனையோ ஏக்கரால் பெருக்கப்படும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. சில மாதம் கழித்து அப்பா என்னை மிதிவண்டியில் காரைக்குடிக்கு அழைத்துப் போனபோது, டீக்கடை வானொலியில் எங்கள் பக்கம் இந்த வருடம் அமோக விளைச்சல் என்று சொன்னார்கள். கடையே கொதித்துவிட்டது. மானகிரிக்காரர் எங்கள் ஊர்க்காரரைப் பார்த்து, "ஒங்க பக்கம்தானய்யா, நெல்லை எங்க பதுக்கி வச்சிருக்கீக?" என்றார். எங்கள் ஊர்க்காரர் கண்டனூரைக் கை காட்டினார்.

அப்பா டம்ளரை ஓங்கி வைத்தார். "எவனோ ஒருத்தன் கள்ளக் கணக்குக் கொடுத்திருக்கான்யா. அவன் என் கையில கெடைக்கணும்."

நடிப்பில்லை. அப்பா உண்மையாகவே கோபப்பட்டார். மிதிவண்டியின் முன்கம்பியில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டே நானும், அந்தக் கள்ளன் யாராக இருக்கும் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.