சேதம் எழுதப் போனவன்

எல்லாம் அழிந்து முடிந்த பிறகு போய், அழிந்தது உண்மைதானா என்று கேட்பதற்குச் சம்பளம் வாங்குபவன்தான் நிவாரண எழுதுவினைஞன். படிவக்கட்டைச் சுமந்து திரிந்து, மேலே இருப்பவர்களின் ஏச்சையும் கீழே இருப்பவர்களின் சாபத்தையும் ஒரே நாளில் வாங்கிக்கொண்ட நண்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஐம்பதுகளில் ஒரு மார்கழியில் புயலும் வெள்ளமும் எங்கள் கரையை அடித்துப் போட்டன. கல்முனை அரசாங்கக் கந்தோரிலிருந்து என்னை நாவிதன்வெளிக்கும் அப்பால், தோணி இல்லாமல் போகமுடியாத ஒரு வயற்கண்டத்துக்கு அனுப்பினார்கள். சாய்ந்தமருதில் பிறந்த எனக்கு அதுவரை நெல்லைச் சோறாகத்தான் தெரியும்.

விலாசம்

தோணியை விட்டு இறங்கியதும் முழங்கால்வரை சேறு. பயிர் மணலுக்கடியில் கிடந்தது. செத்த எருமைகள் வாய்க்காலில் ஊதிக் கிடந்தன. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஒரு மேட்டில் ஒண்டியிருந்தன. முதலில் என்னிடம் வந்தவர் உதுமாலெவ்வை. பெரிய நிலக்காரரான ஒரு போடியாரின் காணியை இருபது வருடமாக, விளைச்சலில் பங்கு கொடுத்து, வாரத்துக்குச் செய்பவர். எருமை, விளைச்சல், வீட்டில் பாதி எல்லாம் போயிருந்தன.

காணி யாருடையது என்பது படிவத்தின் முதல் கேள்வி. போடியாருடையது என்றார். அப்படியானால் பயிர் நட்டத்துக்கான உதவி போடியாருக்குத்தான் என்றேன். போடியார் கல்முனையில் கல்வீட்டில் இருந்தார். அவருடைய வளவில் ஒரு முருங்கைமரம் முறிந்ததுதான் சேதம். உதுமாலெவ்வை கோபப்படவில்லை. கையிலிருந்த சேற்றைச் சாரனில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப வெள்ளம் விலாசம் மாறித்தான் வந்திரிக்கி, தம்பி. போடியார்ட ஊட்டுக்குப் போக வந்தது போல."

கூரை

வீட்டுச் சேதம் பார்க்க மேலதிகாரி வியாழக்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. அதற்குள் உதுமாலெவ்வை இலுக்குப்புல் வெட்டிவந்து, காற்றுக் கொண்டுபோன பக்கத்தை அரைகுறையாக மூடிவிட்டார். கூரை இருந்தால் சேதமில்லை என்று எழுதிவிடுவார்கள், ரெண்டு நாளைக்கு முழுதையும் இறக்கி வையுங்கள் என்றேன். நல்லது நினைத்துத்தான் சொன்னேன். அவரும் இறக்கினார்.

வியாழக்கிழமை மேலதிகாரி வரவில்லை. மழை வந்தது. உதுமாலெவ்வையின் கைக்குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, அது மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் கவிழ்த்த தோணிக்கடியில் குந்தியிருந்தோம். பிள்ளை பிழைத்ததே பெரிய காரியம். பத்து நாள் கழித்து வந்த மேலதிகாரி, சப்பாத்தில் சேறு படுமென்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டு, 'பகுதிச் சேதம்' என்று எழுதிக்கொண்டு போனார். உதுமாலெவ்வை என்னிடம் சொன்னார்: "காத்து ஒரு பக்கத்தத்தான் கொண்டு போன, தம்பி. மத்தப் பக்கத்த நீங்க கொண்டு போயிட்டீங்க."

பெருவிரல்

அவருடைய தங்கை ஆசியா. வெள்ளம் ஏறியபோது, தண்ணீரை வெளியே விட்டுக் கண்டத்தைக் காப்பாற்றலாமென்று அணையை வெட்டப்போன அவளுடைய மாப்பிள்ளையைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. மூன்றாம் நாள்தான் மையித்துக் கிடைத்தது. கணவனை இழந்த அவள் இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரமாட்டாள். விதவைகள் உத்தியோகத்தருக்கு முன்னால் நேரில் வரவேண்டும் என்பது சட்டம். விளக்கி எழுதினேன். நேரில் வராவிட்டால் உதவியில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

என் வாப்பா மவுத்தானபோது உம்மா இத்தா இருந்ததைக் கண்டவன் நான். இருந்தும் போனேன். இரண்டு பெண்கள் வெள்ளைத்துணியைப் பிடித்து மறைத்தார்கள். அதற்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. பெண்கள் பெருவிரல் அடையாளம் வைக்கவேண்டிய இடத்தைக் கந்தோரிலேயே பென்சிலால் கோடிட்டு அனுப்பியிருந்தார்கள். மைப்பெட்டியை நீட்டினேன். விரலை அழுத்திவிட்டுக் கை உள்ளே போனது. துணிக்குப் பின்னாலிருந்து, அண்ணனை அழைப்பதுபோல, அவள் சொன்னாள்: "எனக்குக் கையெழுத்து வெக்கத் தெரியும், காக்கா. ஒருத்தரும் கேக்கல்ல."

அவிச்ச நெல்லு

மாசியில் விதைநெல் வருகிறது என்றார்கள். உழ எருமை இல்லை. ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று காலாலேயே சேற்றை மிதித்துப் பதப்படுத்தினார்கள். எட்டு நாள். ஒருநாள் நானும் இறங்கி மிதித்தேன், மறுநாள் எழும்பமுடியவில்லை.

சாக்குகள் வந்தன. உதுமாலெவ்வை ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டு, தென்னங்கிடுகு மறைப்புக்கு உள்ளே தங்கையிடம் கொடுத்தார். கடித்துப் பார்த்த ஆசியா, "இது அவிச்ச நெல்லு, முளைக்காது" என்றாள். சாக்கில் 'விதைநெல்' என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது, அரசாங்க ஸ்டோரில் பிழை விடமாட்டார்கள் என்று நான் அடித்துச் சொன்னேன். அவர்களுக்கும் வேறு வழியில்லை. நெல்லை ஊறப்போட்டு, சாக்கால் மூடி, மூன்றாம் நாள் திறந்தோம். ஒரு முளைகூட இல்லை. புளித்த மணம்தான் வந்தது. உதுமாலெவ்வை அந்த ஈரநெல்லுக்குள் கையை விட்டபடி வெகுநேரம் இருந்தார். கிடுகுக்கு வெளியே நின்று ஆசியாவிடம் மன்னிப்புக் கேட்டேன். உள்ளேயிருந்து பதில் வந்தது: "சாக்குல என்னத்த எழுதினாலும் நெல்லுக்கு வாசிக்கத் தெரியா, காக்கா."

பேர் வேணாம்

இரண்டு நாள் கழித்து, நாவிதன்வெளிப் பக்கத்துக் கமக்காரர் கந்தப்பன் வந்தார். வண்டியை அக்கரையில் விட்டுவிட்டு, விதைநெல் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தலையில் வைத்துக் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி வந்தார். பரணில் ஏற்றித் தப்பவைத்த தன் நெல்லில் பாதி அது. தன் வயலில் பாதியைத் தரிசாக விடப்போவதாகச் சாதாரணமாகச் சொன்னார். உதுமாலெவ்வை அழுததை அன்றுதான் முதலில் கண்டேன். அந்த நெல்தான் முளைத்தது. பிந்தி விதைத்தாலும் சாப்பாட்டுக்குக் காணும் அளவு விளைந்தது.

எனக்கும் ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது. பேனையைத் திறந்து, உங்கள் பெயரை மேலிடத்துக்கு எழுதி அனுப்புகிறேன், பாராட்டுக் கடிதம் வரும் என்றேன். கந்தப்பன் பதறிப்போனார்: "ஐயோ, வேணாம் தம்பி. பேரை எழுதினீங்கெண்டா, மிச்ச நெல்லையும் உங்கட ஸ்டோருக்குக் கொண்டு போயிருவாங்க!"

கந்தோரின் உதவியால் அந்தக் கண்டம் வழமைக்குத் திரும்பியது என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. அதை அழகாக எழுதியதற்காகத்தான் எனக்குப் பதவி உயர்வு தந்தார்கள்.