நாலு விரல் தள்ளி

சின்னாளப்பட்டியில் எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்த அன்று தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, சந்தனப் பொட்டும் வைத்தோம். பொட்டைக் குழைத்துத் திரையின் ஓரத்திலேயே அப்பியவர் தலைமையாசிரியர் ரங்கசாமி. அதனால்தானோ, வரும்போதே அப்படித்தானோ, தொட்ட இடத்தில் அது கேட்பதில்லை. ஒரு படத்தைத் தொட்டால் நாலு விரல் தள்ளி இருக்கிற படம் திறக்கும். ரிப்பேருக்கு வந்தவர் துடைத்துப் பார்த்துவிட்டு, "போகப் போகச் சரியாயிரும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரியாகவில்லை. ஒவ்வொருவராகப் பெரிய கும்பிடு போட்டு விலகினோம். நான் தமிழ் டீச்சர்; எனக்குச் சாக்பீஸ் போதும். இசை ஆசிரியை பாண்டிச்செல்விக்கு மட்டும் அதன் கோணல் பிடிபட்டுவிட்டது. பள்ளியில் இருப்பது ஒரே ஒரு ஆர்மோனியம், அதுவும் துருத்தி கிழிந்தது. அதை வைத்துக்கொண்டு உலகத்து வாத்தியங்களை எப்படிக் காட்டுவது? போர்டில் காட்டினாள். சுரைக்குடுக்கையில் நரம்பு கட்டிய ஆப்பிரிக்காவின் கோரா. தோல் பையை இடுக்கிக்கொண்டு ஊதும் ஸ்காட்லாந்தின் பேக்பைப். ஆளுயர ஹார்ப் திரையில் வந்ததும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

"மிஸ், தறிப் பாவு நூலை நட்டமா நிப்பாட்டி வச்சிருக்காங்க" என்றாள் எட்டாம் வகுப்புக் கீர்த்தனா. "ஒரு இழை அறுந்தா முடிச்சுப் போடுவாங்களா?"

"முடிச்சுப் போட்டா சுருதி போயிரும் சாமி. புதுசாத்தான் மாத்தோணும்."

வேலை செய்கிறவனுக்கு வேலையைக் கொடு, செய்யாதவனுக்குச் சம்பளத்தைக் கொடு என்பார்கள். போர்டைத் தொட்ட பாவத்துக்குக் கணக்குப் பாடமா, பாண்டிச்செல்வி; அறிவியல் படமா, பாண்டிச்செல்வி. அவள் வீடோ பாலசமுத்திரத்தில். பழனிக்கு ஒரு பஸ், திண்டுக்கல்லுக்கு ஒன்று, இங்கே வர இன்னொன்று. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம் சாலையை அடைத்துவிட்டால், மகள் ஹரிணி விழித்திருக்கும்போது அவள் வீடு போய்ச் சேரவே முடியாது.

"பாப்பா பக்கத்து வீட்டு அக்காளைத்தானுங்க அம்மாங்கிறா" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். "நான் போய்த் தூக்குனா அழுகுறா." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

எங்கள் நிர்வாகத்துக்குப் பழனிப் பக்கத்துக் கீரனூரிலும் ஒரு பள்ளி உண்டு. அங்கே இசை ஆசிரியர் இடம் காலியானது. அவள் வீட்டிலிருந்து அது பக்கம். மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். ரங்கசாமி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ போயிட்டா இந்த போர்டை யாரும்மா பாக்குறது? வேற ஆளு தயாராகட்டும், விடுறேன்."

எங்களை நம்பினால் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகளைத் தயார் செய்தாள். பாவில் அறுந்த இழையைத் தேடி எடுத்துப் பழகிய விரல்கள் அவை. நாலு விரல் கணக்குச் சட்டென்று வசப்பட்டது. போர்டைப் போடுவது, படத்தைத் தேடுவது, ஒலியைக் கூட்டுவது எல்லாம் கீர்த்தனாவும் கூட்டாளிகளுமே பார்த்துக்கொண்டார்கள்.

தாளாளர் பள்ளியைப் பார்வையிட வருகிற நாளும் வந்தது.

"இன்னைக்கு நான் ஓரமா நின்னுக்கறேனுங்க அக்கா" என்றாள் பாண்டிச்செல்வி. "நான் இல்லாமலே நடக்குதுன்னு தாளாளரே கண்ணால பாத்துட்டா என்னைய விட்ருவாருங்க." அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

வகுப்பு பிரமாதமாக நடந்தது. ஒலியை மட்டும் கேட்டே பிள்ளைகள் வாத்தியத்தின் பெயரையும் நாட்டையும் சொன்னார்கள். தாளாளருக்கு ஆசை வந்து தானும் எழுந்து போய்க் கோராவைத் தொட்டார். பேக்பைப் அலறியது. மனிதர் பயந்தே போனார்.

"அங்கிட்டு இல்லைங்கய்யா. நாலு விரல் தள்ளித் தொடுங்க" என்றாள் கீர்த்தனா.

தொட்டார். கோரா ஒலித்தது. வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

"யாரு இதுகளுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நம்ம பாண்டிச்செல்விதாங்கய்யா" என்று ரங்கசாமி சார் முந்திக்கொண்டார்.

தாளாளர் அவள் பக்கம் திரும்பினார். "இம்புட்டு நல்லாப் பழக்கியிருக்கிற ஆளை எப்படிம்மா விடுறது? கீரனூர் டீச்சர்களையும் இங்க அனுப்புறேன், உங்ககிட்டயே கத்துக்கிடட்டும். அங்க காலியா இருக்கிற எடத்துக்கு வேற யாரையாவது போட்டுக்கிடுவோம்."

"ஐயா, அந்த எடத்துக்குத்தானுங்க நான்..." என்று அவள் ஆரம்பித்தாள். அதற்குள் அவர் போர்டுப் பக்கம் திரும்பி மறுபடியும் தொட்டிருந்தார். மறுபடியும் பேக்பைப். அந்த அலறலில் அவள் சொன்னது எனக்கே கேட்கவில்லை. சத்தம் அடங்கும்போது அவர் வாசலில் இருந்தார், ரங்கசாமி சார் குடை பிடித்துக்கொண்டிருந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாகிவிட்டது அவள் பாடு. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் திரையில் செங்கலை எடுத்து எறியலாம் போலிருந்தது.

பிள்ளைகள் ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கீர்த்தனா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"மிஸ், அப்ப நீங்க எங்களை விட்டுட்டுப் போக மாட்டீங்கல்ல?"

"எங்க சாமி போகப் போறேன்" என்று கீர்த்தனாவின் தலையைத் தடவிக் கொடுத்தாள் பாண்டிச்செல்வி.

சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன் வீட்டுக்குப் போன் போட்டாள். ஹரிணி பக்கத்து வீட்டில் இருந்தாளாம். அம்மா பேசுகிறாள் என்று கூப்பிட்டும் வரவில்லையாம்.