என் பிள்ளைக்கு எழுத அவசரமில்லை

மகளுக்கு அப்போது மூன்றரை வயது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த நேர்சரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் கூட்டிவரப் போனபோது அவளுடைய வலக்கை விரல்களில் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தது.

"என்ன குஞ்சு இது?"

"பென்சில் விழாம மிஸ் றப்பர் பாண்ட் போட்டவ," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

மகள் பென்சிலை முழுக் கையாலும் பொத்திப் பிடிப்பாள். கோடு கீறினால் கொப்பித் தாள் கிழியும். அடுத்த வருஷம் பள்ளிக்கூட இன்டர்வியூ வருகிறது, அதற்குள் உயிரெழுத்து முழுவதும் எழுதவேண்டும் என்று தலைமை ஆசிரியை எங்களிடம் பல தடவை சொல்லியிருந்தார். வீட்டுவேலை என்று தினமும் ஒரு பக்கம் வரும். நானும் அலுவலகம் விட்டு வந்த களைப்போடு அவளை இருத்தி எழுத வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு நிறுத்தினேன்.

கொழும்புக் கோட்டைப் பகுதியில் கப்பல் கம்பனி ஒன்றில் வேலை செய்கிற என் கணவருக்கு அது பிடிக்கவில்லை.

"நாங்களெல்லாம் குட்டு வாங்கித்தானே எழுதப் பழகினனாங்கள். இப்ப என்ன குறைஞ்சு போனம்?"

"நீங்கள் கடைக்கு எழுதுற சாமான் துண்டை உங்களுக்கே வாசிக்கத் தெரியாது," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கிழமையே லீவு போட்டு, மகளை அரசாங்க ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். கை, விரல் பயிற்சி கொடுக்கிற ஒரு சிங்களப் பெண் அவளைப் பார்த்தாள். மணி பொறுக்க விட்டாள், தன் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள், சுவரில் கையூன்றித் தள்ளச் சொன்னாள். பிறகு சிங்களத்தில், நான் விளங்கிக்கொள்ளவேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள்: பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. தோளும் மணிக்கட்டும் பலப்பட்டால்தான் விரல் சொன்னபடி கேட்கும். இப்போதைக்கு விளையாட விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் புதுக் கிரேயோன் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் துண்டு துண்டாக உடைத்தேன். கணவர் பதறிப்போனார். "உமக்கென்ன விசரே?" சின்னத் துண்டை முழுக் கையாலும் பொத்தமுடியாது, விரல் நுனியால் பிடித்தே ஆகவேண்டும் என்று அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன். மகள் ஏற்கெனவே ஒரு பச்சைத் துண்டை எடுத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள்.

சுவரில் பெரிய தாள் ஒட்டினோம். நின்றபடி கையை உயர்த்திக் கீறினாள். முருங்கையிலை உருவினாள். உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளைத் திறந்து என் சட்டை முழுக்கக் கொழுவிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போய் ஈரமண் தோண்டுவோம். திரும்பும்போது ஒரு சுருள் கச்சான் கடலை வாங்கினால் கோது உடைப்பது அவள் வேலை. முதலில் பல்லால் கடித்தாள். பிறகு விரலால் உடைத்தாள். பாதி நிலத்தில் போகும்.

நேர்சரியில் போய்ச் சொன்னேன். "மிஸ், என்ர பிள்ளை இப்போதைக்கு எழுதாது. றப்பர் பாண்டும் போடவேண்டாம். களிமண்ணோ கடதாசியோ குடுங்கோ."

தலைமை ஆசிரியை என்னை உற்றுப் பார்த்தார். "மற்றப் பிள்ளையள் எல்லாம் எழுதுதுகள் அம்மா. பிறகு எங்களைக் குறை சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டன்."

"கண்காட்சியில வைக்க இவவின்ர கொப்பி இருக்காது."

"பரவாயில்லை."

அப்படிச் சொன்னேனே தவிர, இரவெல்லாம் பயந்தேன். மற்றத் தாய்மார் வாசலில் தங்கள் பிள்ளைகள் எத்தனை எழுத்து முடித்தார்கள் என்று கதைக்கும்போது நானும் மனதுக்குள் எண்ணிப் பார்ப்பேன். பயத்தை மறைக்கத்தான் இன்னும் விறைப்பாக நின்றேன் என்று நினைக்கிறேன்.

வருஷ முடிவில் கண்காட்சி வந்தது. நீண்ட மேசையில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் எழுதி, முன்னால் கொப்பி விரித்து வைத்திருந்தார்கள். என் மகளின் பெயருக்கு முன்னால் வெறும் மேசைவிரிப்பு. நான் பையிலிருந்து அவள் செய்த மீனை எடுத்து வைத்தேன். பழைய பத்திரிகையை நகத்தளவு துண்டுகளாகக் கிழித்துச் செதில் செதிலாக ஒட்டிய பெரிய மீன். ஒவ்வொரு செதிலும் அவள் விரலால் கிழித்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு உதவி ஆசிரியை அதை எடுத்து மூலையில் இருந்த கதிரையில் போட்டார். நான் எடுத்துவந்து திரும்ப மேசையில் வைத்தேன். தலைமை ஆசிரியை வந்தார்.

"இது எழுத்து வேலை வைக்கிற மேசை."

"பெயர் என்ர பிள்ளையின்ர பெயர்," என்றேன். "அவ செய்தது இங்கதான் இருக்கும்."

கணவர் எனக்குப் பின்னால் நின்றார். அவர் பேசாமல் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மேசைக்குக் கிட்ட வந்து, சுருண்டிருந்த வாலை உள்ளங்கையால் தடவி நேராக்கிவிட்டு, "இருக்கட்டும் மிஸ்," என்றார். மீன் அங்கேயே இருந்தது. ஒரு சின்னப் பெண் வந்து செதில்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த வருஷ இன்டர்வியூவில் ஒரு பள்ளிக்கூடம் அவளை எடுக்கவில்லை. இன்னொன்று எடுத்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், சுவர்த் தாளில் பட்டம் கீறிக்கொண்டிருந்தபோது, நீளப் பென்சில் ஒன்றை அவள் மூன்று விரலால் பிடித்திருந்ததைக் கண்டேன். எப்போது மாறியது என்று எனக்கும் தெரியாது, கணவருக்கும் தெரியாது. யாரும் பிடித்துக் காட்டவில்லை.

இப்போது முதலாம் வகுப்பில் இருக்கிறாள். எழுத்து பெரிது பெரிதாக வரும். 'ழ' வாலை எந்தப் பக்கம் சுழிப்பது என்று இன்னும் யோசிப்பாள். போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியை சொன்னார்: "வடிவாப் பிடிக்கிறா, விருப்பமா எழுதுறா. ஆனா வேகம் காணாது அம்மா. வீட்டில இன்னும் கொஞ்சம் கூட எழுத வையுங்கோ."

"இல்லை மிஸ்," என்றேன். "வேகம் அவவுக்கு வரேக்க வரட்டும்."