யெசெனியா தன்னைத்தானே கூப்பிட்ட காலை

மெக்சிகோவில் எங்கள் மலையூரிலிருந்து வஹாக்கா நகரத்துக்கு வேன் ஓட்டுகிறவர் செவெரோ. எங்கள் தெருவின் முதல் பட்டதாரியான நான் நகரத்துக்குப் படிக்கப் போனது அவர் வேனில்தான். ஃபிடெலாவை அவர் கல்யாணம் செய்தபோது, முதல் கணவருக்குப் பிறந்த மகள் யெசெனியாவும் கூடவே வந்தாள். அந்தக் கணவர் வடக்கே, அமெரிக்காவுக்குப் போனவர்.

போன வருடம், பதினைந்து வயதில், யெசெனியா பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள். வேன் ஏறப் போனாலே நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை சில்லிடும். சுகாதார நிலையத்து மனநல மருத்துவர் இது பதற்ற நோய், பேசப் பேசத்தான் குணமாகும் என்றார். அவளோ அங்கே போய் வாயே திறக்கவில்லை.

ஊர் வேறு சொன்னது. பயந்துவிட்டாள், பயந்த இடத்திலேயே அவள் ஆவி தங்கிவிட்டது, அங்கே போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். சின்ன வயதில் ஓடையில் விழுந்தாளே, அங்கேதான் என்று உறவுக்காரர்கள் முடிவுகட்டினார்கள். இரண்டு தடவை ஓடைக்கரையில் போய்க் கூப்பிட்டும் பலனில்லை. ஃபிடெலாவின் அக்கா செவெரோவின் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "பெத்தவன் கூப்பிட்டா ஆவி வரும். இவரு கூப்பிட்டா தவளைதான் வரும்."

மறுநாள் செவெரோ வேனைக் கழுவும்போது, வாசலில் உட்கார்ந்திருந்த யெசெனியாவிடம் கேட்டார்.

"ஏம்மா, ஓடையிலதான் பயந்தியா?"

"இல்ல."

"பின்ன அவங்ககிட்ட சொல்றதுதானே?"

"யாரு கேட்டா?"

அவர் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். "சரி, நான் கேக்கறேன். எங்க?"

"சிரிப்பீங்க."

"சிரிச்சா இந்த அழுக்குத் தண்ணிய என் தலையில ஊத்து."

அழுக்குத் தண்ணி வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வேன் நிக்கற இடத்துல. பள்ளிக்கூடம் போக நின்னுட்டிருந்தேன். அப்பா போன் பண்ணாரு. அங்க வேற குடும்பம் ஆயிடுச்சாம். இனிமே கூப்பிடாதன்னாரு. சுத்தி எல்லாரும் நின்னாங்க."

அவர் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை, பயணிகள் வருமுன், மந்திரிக்கிற ஹசின்தாவைக் கூட்டிக்கொண்டு செவெரோவும் யெசெனியாவும் வேன் நிற்கும் இடத்துக்குப் போனார்கள். ஹசின்தா துளசிக்கொத்தும் சாராயமும் கொண்டுவந்திருந்தாள்.

"அப்பனோ ஆத்தாளோ கூப்பிடணும். கூப்பிடு செவெரோ."

செவெரோ யெசெனியாவைப் பார்த்தார். "நான் கூப்பிடலாமா?"

அவள் யோசித்தாள். "வேணாம். நானே கூப்பிட்டுக்கறேன்."

"இப்படியெல்லாம் வழக்கம் இல்லையே" என்று ஹசின்தா முனகினாள்.

யெசெனியா தரையைப் பார்த்துத் தன் பெயரை மெல்லச் சொன்னாள். அப்புறம் கொஞ்சம் சத்தமாக. அப்புறம் அழுதுகொண்டே, "வா, வீட்டுக்குப் போகலாம்" என்றாள். ஹசின்தா முனகலை நிறுத்திவிட்டு சடங்குப்படி வாயில் வைத்த சாராயத்தை அவள் முகத்தில் ஊதினாள்.

அந்த வாரம் மருத்துவரிடம் அந்தப் போன் விஷயத்தை யெசெனியாவே சொன்னாள். செவெரோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நோய் ஒரே நாளில் போய்விடவில்லை. மறுபடி பள்ளிக்குப் போகத் தொடங்கியும், இன்னும் சில காலைகளில் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. அப்போது முன் இருக்கையில் உட்கார வைத்து, அவள் சொல்லும்வரை அவர் வண்டியை எடுப்பதில்லை.

போன வாரம் நானும் வேனில் இருந்தேன். பின்னாலிருந்து ஒரு கோழிக்காரம்மா சத்தம் போட்டாள்: "செவெரோ, எடுய்யா. சந்தை முடிஞ்சா கோழிய நீயா வாங்குவ?"

"வாங்கறேன், உக்காரு."

யெசெனியா கண்ணை மூடி மெதுவாக மூச்சுவிட்டாள். பிறகு சீட் பெல்ட்டை மாட்டினாள்.

"போலாம்" என்றாள்.