ஆனேக்கல் மதிலில் நிழல் மாறும் நண்பகல்

ஏப்ரல் கடைசி. ஆனேக்கல் பஸ் நிலையத்தில் ஓசூர் பஸ்ஸுக்காக நிற்கிறேன். எதிரே கிழக்கு மேற்காக ஓர் உயரமான மதில். வடக்குப் பக்கம் பூ விற்கும் செல்வி, தெற்குப் பக்கம் சாவி செய்யும் மஞ்சுநாத். மணி பன்னிரண்டேகால். மதிலின் எந்தப் பக்கமும் நிழல் இல்லை.

செல்வி தன் பக்கத்து மண்பானையைத் தூக்கிக்கொண்டு, மதிலைச் சுற்றி வந்து மஞ்சுநாத்திடம் கொடுக்கிறார். இருவருக்கும் குடிதண்ணீர் அதில்தான்.

"ஏங்க இடம் மாத்துறீங்க?" என்று கேட்கிறேன்.

"இத்தினி மாசம் மத்தியான நிழல் அக்கா சைடு இருந்துச்சு சார். நாளையிலருந்து நம்ம சைடு. ஆகஸ்ட்ல திரும்ப அங்க போயிடும்" என்கிறார் மஞ்சுநாத்.

"நாளைக்கு நூலு மாதிரி வரும். ஜூன்ல ஒரு முழம்" என்று செல்வி, பூவை அளப்பதுபோல் கையை நீட்டிக் காட்டுகிறார்.

பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுவதால், வடக்கே நகர்ந்துவரும் சூரியன் இன்று இந்த ஊரின் உச்சியைத் தொடுகிறது. வருடத்தில் இரண்டே நாள்தான் இப்படி. தினமும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான். ஜூனில் பள்ளி திறந்ததும் அவர்களைச் சுவரோரம் கூட்டிப்போக வேண்டும்.

பஸ் வந்துவிட்டது. ஜன்னல் வழியே பார்க்கிறேன். மஞ்சுநாத் மதிலடியில் மண்ணைத் தோண்டி, வெயில் சுள்ளென்று அடிக்கும் இடத்தில் பானையைப் பதிக்கிறார்.