நாற்பத்தொரு குழி

1987 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மேகம் இல்லை; மலையிலிருந்து வறண்ட காற்று. அந்த நேரத்தில்தான் மஞ்சள் பூசியிருந்த அந்த எல்லைக்கல்லின் மேல் கை வைத்தேன். கையில் ஒட்டிய மஞ்சள் போக மூன்று நாள் ஆயிற்று.

சேத்தூருக்கு மேற்கே மலையடியில் பதினேழு வீடுகள். ஊர் காட்டுக்குள் இருக்கிறது என்றது காட்டு இலாகா. காட்டுக்கு வெளியே என்றார்கள் ஊரார். மற்றக் கற்களெல்லாம் ஓடை வெள்ளத்தில் போய்விட, மிஞ்சியது இது ஒன்றுதான். கல்லுக்குக் கிழக்கே ஊர், மேற்கே காடு. நான் அளந்து சொல்ல வந்த சர்வேயர்.

ஊர்ப் பூசாரிக்கு அது கல் அல்ல, எல்லைச்சாமி. பங்குனிப் பொங்கலுக்குச் சாமியைப் பிடுங்கி ஓடையில் குளிப்பாட்டித் திரும்ப நடுவார்களாம். "போன வருசக் குழியில சாமிய வைக்கப்படாதுய்யா, குத்தமாயிரும். ஒரு தப்படி மேக்க தள்ளிப் புதுக்குழி" என்றார். எதையும் எண்ணாமல் விட்டால் எனக்கு மனம் ஆறாது. இதுவரை எத்தனை குழி என்று கேட்டேன். அவர் மனைவி தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டே, "எண்ணிச் சொல்லாட்டி அவியளுக்குச் சோறு எறங்காதாக்கும்" என்று கணவரைக் காட்டிச் சிரித்தாள். பூசாரி பெருமையாக விரல் மடக்கினார். "எங்கய்யா பூசை வச்சதுலருந்து நாப்பத்தொண்ணு. ஒரு வருசம் தப்பினதில்ல."

ஓடை கரையை அரிக்க அரிக்க வீடுகளும் சாமியின் பின்னாலேயே மேலேறியிருந்தன. பதினேழும் அந்த நாற்பத்தொரு தப்படிக்குள் இருந்தன; கல் முதலில் நின்ற இடத்தை வைத்துப் பார்த்தால் அத்தனையும் காட்டுக்குள். கல் நகர்ந்ததற்கு வேறு சாட்சியே கிடையாது. அறிக்கையில் எழுதினேன்: 'கல் ஆண்டுதோறும் மேற்கே நகர்த்தப்பட்டதாகப் பூசாரியே கூறினார்.' ஆறு சொற்கள். பொய் ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருக்கலாம் என்பதும் பொய்யில்லை.

மறு வருடம் வீடுகளைப் பிரித்தார்கள். பழைய கல்லைப் பிடுங்கி ஓடையில் தள்ளிவிட்டு, கிழக்கே மூன்று புதுக் கற்களை நானே நின்று நடச் செய்தேன். சனங்கள் சோழபுரத்துச் சாலையோரம் சாக்குக் குடிசை போட்டார்கள். அந்த ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு ஒன்பதாம் நாள் பூசாரியின் மனைவி இறந்துபோனாள். செய்தி கேட்டு, அன்று அவள் கொடுத்த தண்ணீர் எத்தனை மடக்கு என்று நினைத்துப் பார்த்தேன். அதை மட்டும் நான் எண்ணியிருக்கவில்லை.

1995இல் ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக ஓடையில் கிடந்த கல்லை டெம்போவில் ஏற்றிச் சோழபுரம் போனேன். பூசாரி ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை முடித்து வந்து, காக்கிச் சட்டையோடு குடிசை வாசலில் நின்றிருந்தார். கல்லைத் தொடவில்லை.

"ஊரே இல்ல, எல்லைக்கு எங்கய்யா போவ? நீங்களே வச்சுக்கிடுங்க. எண்ணிக்கிட்டாவது இருக்கலாம்லா."

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக் கொல்லையில் அது இன்றும் நிற்கிறது. நட்ட குழியை மாற்றியதில்லை. சில நாள் காலையில் அதன்மேல் கை வைத்துப் பார்ப்பேன். கையில் எதுவும் ஒட்டுவதில்லை. டெம்போ வாடகை நூற்றைம்பது, ஏற்றி இறக்கிய கூலி இருபது. ஆக, நூற்றெழுபது ரூபாய்.